இறங்குவது ரசிகர்கள், புள்ளி போவது கிளப்புக்கு: ஏன் இப்படி?

2015 மே 2. இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரை ஊரான பிளாக்பூலில் அந்தக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம். புளூம்ஃபீல்ட் ரோடு மைதானத்துக்கு ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் அணி வந்திருந்தது. புள்ளிப் பட்டியலில் பிளாக்பூல் கடைசி. கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது எப்போதோ முடிவாகிவிட்டது. அன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு எதுவும் மாறப்போவதில்லை. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், 48-வது நிமிடத்தில், கேலரியிலிருந்து ரசிகர்கள் கூட்டமாக இறங்கி ஓடிவந்தார்கள். நடுவட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வீரர்களும் நடுவரும் உள்ளே போய்க் காத்திருந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழவில்லை. கடைசியில் ஆட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள்.

அந்தக் கோபம் ஹடர்ஸ்ஃபீல்ட் மீது இல்லை. கிளப்பின் உரிமையாளர்களான ஓய்ஸ்டன் குடும்பத்தின் மீது. 2010-ல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் வரைக்கும் போய் வந்த கிளப் பிளாக்பூல். அந்த ஒரு பருவத்தில் கொட்டிய பணம் அணிக்குப் போகவில்லை, உரிமையாளர் கைக்குப் போய்விட்டது என்பது ரசிகர்களின் குற்றச்சாட்டு. ஐந்தே வருடத்தில் அணி சரிந்து விழுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இறங்கினார்கள்.

சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. பிளாக்பூல் கிளப்புக்கு 50,000 பவுண்டு அபராதம். கூடவே 3 புள்ளிகள் குறைப்பு. ஆனால் அந்தப் புள்ளிக் குறைப்பு உடனே அமலாகாது, இப்படி மறுபடியும் நடந்தால்தான் அமலாகும்.

கால்பந்து பார்க்கப் புதிதாக வருகிற யாருக்கும் இங்கே ஒரு கேள்வி எழும். இறங்கி ஓடியது ரசிகர்கள். அவர்கள் கிளப்பின் ஊழியர்கள் இல்லை. கிளப் நிர்வாகத்தை எதிர்த்துத்தான் இறங்கினார்கள். அப்படியிருக்க, தண்டனை ஏன் கிளப்புக்கு? அந்தத் தண்டனையின் வலி கடைசியில் யாருக்கு? முதல் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் வேதனையானது.

நம்மூர்க் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த அனுபவம் புதிதில்லை. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில், இந்தியா 8 விக்கெட் இழப்புக்கு 120 என்று தடுமாறியபோது கூட்டம் பாட்டில்களை வீசித் தீ மூட்டியது. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். கூட்டம் செய்ததற்கு அணி விலை கொடுப்பது என்றால் என்ன என்பதை அன்று கண்ணெதிரே பார்த்தோம். கால்பந்தில் இதற்கென்று தனியாக ஒரு விதிமுறையே வளர்ந்திருக்கிறது.

மைதானத்துக்குள் இறங்குவது ஏன் அவ்வளவு பெரிய குற்றம்?

ஆங்கிலத்தில் இதற்குப் ‘பிட்ச் இன்வேஷன்’ என்று பெயர். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கோப்பை வென்ற சந்தோஷத்தில் இறங்குவது உண்டு. எதிரணி ரசிகர்களோடு சண்டைக்கு இறங்குவது உண்டு. பிளாக்பூலில் நடந்தது மூன்றாவது வகை: போராட்டம். மனிதர்களாக நமக்கு இவை மூன்றும் வேறு வேறு. விதிக்கு, புல்தரையில் கால் வைத்த நொடியிலேயே மூன்றும் ஒன்றுதான்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பெரும் சோகம் இருக்கிறது. 1980-களில் இங்கிலாந்து மைதானங்களில் ரசிகர்கள் உள்ளே இறங்காமல் தடுக்க, கேலரிக்கு முன்னால் உயரமான இரும்பு வேலி போட்டிருந்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், அளவுக்கு மீறி மக்கள் அடைக்கப்பட்ட ஒரு பகுதியில் நெரிசல் ஏற்பட்டது. முன்னால் வேலி. தப்பிக்க வழியில்லை. 97 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நீதிபதி டெய்லர் தலைமையிலான விசாரணை அறிக்கை வந்தது, வேலிகள் அகற்றப்பட்டன.

வேலி போனதும், வேலி செய்த வேலையைச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. 1991-ல் கால்பந்துக் குற்றங்கள் சட்டம் வந்தது. ஆட்டம் நடக்கும் மைதானத்தில், தகுந்த அனுமதியோ காரணமோ இல்லாமல் புல்தரையில் இறங்குவதே அதன்படி கிரிமினல் குற்றம். யாரையும் தொட வேண்டாம், எதையும் உடைக்க வேண்டாம், இறங்கினாலே போதும். குற்றம் நிரூபணமானால் அபராதம் உண்டு. அதைவிட ரசிகர்கள் பயப்படுவது மைதானத் தடை உத்தரவுக்கு. நீதிமன்றம் அதை விதித்தால் குறைந்தது 3 வருடம் எந்த ஆட்டத்துக்கும் போக முடியாது. வாரம் தவறாமல் அப்பாவோடும் பிள்ளையோடும் மைதானத்துக்குப் போய்ப் பழகிய ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, ஓடியவருக்குத் தனியாகத் தண்டனை உண்டு. அதைக் கொடுப்பது போலீஸும் நீதிமன்றமும். இந்தப் பக்கம் கிளப்புக்கு வரும் தண்டனை வேறு கணக்கு. அதைக் கொடுப்பது கால்பந்து அமைப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே விஷயம் பாதி புரிந்துவிடும்.

கிளப்பைப் பிடிப்பது ஏன்?

காரணம் எளிது. கால்பந்துச் சங்கத்தின் கை ரசிகர் வரை நீளாது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வுக்கும் சரி, ஐரோப்பிய அமைப்பான யூ.இ.எஃப்.ஏ.வுக்கும் சரி, உறுப்பினர்கள் கிளப்புகளும் சங்கங்களும்தான். வீரர், பயிற்சியாளர், நிர்வாகி எல்லோரும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர் அப்படி இல்லை. அவருக்கு எஃப்.ஏ. ஒரு நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது. எனவே, ‘உன் வீட்டில் நடந்ததற்கு நீ பொறுப்பு’ என்று கிளப்பைப் பிடிக்கிறார்கள். கிளப்புக்கு வலித்தால் அது பாதுகாப்பைப் பலப்படுத்தும், ரசிகர்களுக்கும் தங்கள் அணிக்கு அடி விழும் என்ற தயக்கம் வரும் என்பது இதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

இந்தப் பொறுப்பிலும் இரண்டு தரம் உண்டு. யூ.இ.எஃப்.ஏ. விதி மிகக் கடுமை. கிளப் எல்லாக் கவனமும் எடுத்திருந்தாலும், அதன் பக்கம் தவறே இல்லாவிட்டாலும், அதன் ரசிகர்கள் செய்ததற்கு அதுவே பொறுப்பு. 2006 நவம்பரில் பிரான்சின் நான்சி நகரில் நெதர்லாந்தின் ஃபெயெனோர்ட் ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். அந்த ஆட்டம் நடந்தது எதிரணியின் மைதானத்தில். கலவரம் செய்தவர்களுக்கு டிக்கெட் கொடுத்தது நாங்கள் இல்லை என்று ஃபெயெனோர்ட் வாதாடியது. எடுபடவில்லை. யூ.இ.எஃப்.ஏ. கோப்பைப் போட்டியிலிருந்தே அந்த அணியை வெளியேற்றினார்கள். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது.

இங்கிலாந்து உள்நாட்டு விதி கொஞ்சம் இரக்கமுள்ளது. ரசிகர்கள் ஒழுங்காக நடந்துகொள்வதை உறுதி செய்வது கிளப்பின் கடமை என்றுதான் அதுவும் தொடங்குகிறது. ஆனால், எங்கள் கட்டுப்பாட்டை மீறி நடந்துவிட்டது, எங்கள் பொறுப்பாளர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள் என்று கிளப் காட்டினால் தப்பிக்க ஒரு கதவு இருக்கிறது. இனவெறிக் கோஷம் போன்ற விஷயங்களுக்கு அந்தக் கதவும் கிடையாது.

அந்தக் கதவு திறப்பது அபூர்வம். காரணம், போராட்டம் பெரும்பாலும் முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்த விஷயம். வாரக்கணக்கில் துண்டுப் பிரசுரம், பேனர், ஊர்வலம் என்று போய்த்தான் இந்தக் கட்டத்துக்கு வருகிறது. விசாரிக்கும் தனிக்குழு முதலில் கேட்பதே இதைத்தான்: தெரிந்தும் என்ன செய்தீர்கள்? மைதானத்தைச் சுற்றி நிற்கும் பணியாளர்கள், அங்கே ‘ஸ்டீவர்ட்’ என்பார்கள், எத்தனை பேர்? எந்தப் பக்கம் நின்றார்கள்? முதல் ஆள் இறங்கியதும் என்ன செய்தார்கள்? போலீஸோடு முன்பே பேசினீர்களா? நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் பத்து ஸ்டீவர்ட்கள் கையைக் கோத்து நின்று பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விகளில் ஒன்று இல்லை, கவனித்தீர்களா? ரசிகர்களின் கோபம் நியாயமானதா என்ற கேள்வி. குற்றச்சாட்டு நிரூபணமாக அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பிளாக்பூல் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு வேறொரு இடத்தில் பதில் கிடைத்தது. கிளப்பின் இன்னொரு பங்குதாரரான லாட்வியத் தொழிலதிபர் வலேரி பெலோகான் தொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கிளப்பின் பணம் முறைகேடாக உருவப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்து, பெலோகானின் பங்குகளை வாங்கிக்கொள்ள ஓய்ஸ்டன் தரப்பு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நடுவட்டத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னதைத்தான் இரண்டரை வருடம் கழித்து நீதிபதியும் சொன்னார். அதற்காக 50,000 பவுண்டு திரும்பி வரவில்லை.

என்னென்ன தண்டனை?

அபராதம்தான் முதல் படி. 2018 மார்ச்சில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் பர்ன்லிக்கு எதிரான ஆட்டத்தில் உரிமையாளர்களை எதிர்த்துத் திரும்பத் திரும்ப உள்ளே இறங்கியதற்கு அந்தக் கிளப்புக்கு 1 லட்சம் பவுண்டு அபராதம் வந்தது. பிரீமியர் லீக் கிளப்புக்கு அது ஒரு நட்சத்திர வீரரின் ஒரு வாரச் சம்பளம். கீழ்ப் பிரிவில் இருக்கும் கிளப்புக்கோ, அதில் பாதி அபராதம் வந்தாலும் அடுத்த பருவத்துக்கு ஒரு வீரரைக் குறைத்துக்கொள்ள வேண்டிய நிலை.

அடுத்தது காலி மைதானம். ரசிகர்களை உள்ளே விடாமலோ, ஒரு பக்கக் கேலரியை மட்டும் மூடியோ ஆட வைப்பது. இது யூ.இ.எஃப்.ஏ.வும் ஐரோப்பாவின் பல நாடுகளும் அடிக்கடி எடுக்கும் ஆயுதம். இறங்காத ஆயிரக்கணக்கானோரும் சேர்ந்து தண்டனை அனுபவிப்பார்கள்.

அப்புறம் புள்ளிக் குறைப்பு. லீக் ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி, சமன் செய்தால் 1. பருவம் முழுக்கச் சேர்த்த புள்ளிகளை வைத்துத்தான் யார் மேலே போவது, யார் கீழே இறங்குவது என்று முடிவாகிறது. 3 புள்ளிகளைக் குறைப்பது என்றால், வீரர்கள் ஓடி ஓடி ஜெயித்த ஓர் ஆட்டத்தை நடக்கவே இல்லை என்று அழித்துவிடுவது மாதிரி. அதனால்தான் பெரும்பாலும் பிளாக்பூலில் செய்த மாதிரி அதை நிறுத்தி வைக்கிறார்கள். கத்தி தலைக்கு மேல் தொங்கும், விழாது. மறுபடி இறங்கினால் விழும். என் கணக்கில் இருக்கிற தண்டனைகளிலேயே இதுதான் கொஞ்சம் நியாயமானது. ரசிகர்கள் கையிலேயே முடிவை விடுகிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உரிமையாளர் மாறாமல் இருக்க, ரசிகர்களின் வாய் மட்டும் கட்டப்படுகிறது. இனிமேல் நீங்கள் இறங்கினால் நம் அணிக்குத்தான் நஷ்டம் என்று சொல்ல, யாரை எதிர்த்துப் போராடினார்களோ அவருக்கே ஒரு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது.

பாதியில் நின்ற ஆட்டம் என்னவாகும் என்பது தனி விஷயம். அதை முடிவு செய்வது போட்டித் தொடரை நடத்தும் லீக். பிளாக்பூல்–ஹடர்ஸ்ஃபீல்ட் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிவால் யாருக்கும் லாப நஷ்டமும் இல்லை. 0-0 என்றே பதிந்துவிட்டார்கள். எல்லா நேரமும் அப்படி முடியாது. 2021-ல், அதே மே 2-ம் தேதி, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்துக்கு எதிராகத் தங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபர்டுக்குள் நுழைந்து புல்தரைக்கே வந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பணக்கார கிளப்புகள் தங்களுக்கென்று தனியாக ஒரு சூப்பர் லீக் தொடங்கப் பார்த்துப் பின்வாங்கிய இரண்டு வாரத்தில் நடந்தது இது. லிவர்பூலோடு மோதும் ஆட்டம் தொடங்கவே இல்லை. மே 13-ல் நடத்தினார்கள், லிவர்பூல் 4-2 என்று ஜெயித்தது.

கடைசியில் யாருக்கு வலிக்கிறது?

ரெடிங் கிளப்பின் கதையைக் கேட்டால் இது புரியும். 2017-ல் சீனத் தொழிலதிபர் தாய் யோங்கே அதை வாங்கினார். அதற்குப் பிறகு வரவுக்கு மீறிய செலவு, சம்பளம் நேரத்துக்குப் போகவில்லை, வரி பாக்கி. ஒவ்வொன்றுக்கும் லீக் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. 2024 ஜனவரி வரை 16 புள்ளிகள். பணத்தைக் கட்டாதது உரிமையாளர், புள்ளியை இழந்தது அணி. ஜனவரி 13 அன்று போர்ட் வேலுக்கு எதிரான ஆட்டத்தில், அந்த 16 புள்ளிகளை நினைவூட்ட, 16-வது நிமிடத்தில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். அதோடு நிற்கவில்லை. பல நூறு பேர் உள்ளே இறங்கினார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது. பின்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டியதாயிற்று. அதற்கடுத்த மாதம் மேலும் 2 புள்ளிகள் போய், மொத்தம் 18 ஆனது. அதுவும் பணப் பிரச்சினைக்காகத்தான்.

உரிமையாளர் தவறு செய்தால் கிளப்புக்குப் புள்ளி போகிறது. அதை எதிர்த்து ரசிகர் இறங்கினாலும் கிளப்புக்குத்தான் தண்டனை. இரண்டு பக்கத்து அடியும் ஒரே முதுகில் விழுகிறது. அபராதத்தைக் கட்டுவது கிளப்பின் கஜானா. அந்தக் கஜானாவை நிரப்புவது டிக்கெட்டும் ஜெர்சியும் வாங்கும் அதே ரசிகர்கள். உரிமையாளர் சட்டைப் பையிலிருந்து அது நேராகப் போவதில்லை. தாய் யோங்கே விற்றுவிட்டுப் போக 2025 மே வரை ஆனது.

இதனால்தான் புல்தரையைத் தொடாமல் போராடும் வழிகளை ரசிகர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 2016 அக்டோபரில் சார்ல்டனும் காவன்ட்ரியும் மோதியபோது, இரண்டு அணி ரசிகர்களுக்கும் தங்கள் உரிமையாளர்கள் மீது கோபம். இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகளை வீசினார்கள். ஆட்டம் சற்று நேரம் நின்றது. 2024 தொடக்கத்தில் ஜெர்மனி முழுக்க டென்னிஸ் பந்து மழை. லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்துக்கு எதிராக வாரக்கணக்கில் ஆட்டங்களை நிறுத்தி நிறுத்தி, பிப்ரவரி 21-ல் அந்தத் திட்டத்தையே கைவிட வைத்தார்கள். வீசுவதற்கும் அபராதம் உண்டுதான். ஆனால் வீரரும் நடுவரும் நிற்கும் இடத்துக்கு மனிதக் கூட்டம் போவதில்லை, அது பெரிய வித்தியாசம்.

பிளாக்பூல்காரர்கள் எடுத்த வழி இன்னும் கடினமானது. போகாமல் இருந்தார்கள். இனி ஒரு பைசாகூடக் கிடையாது என்று சொல்லி, பருவ டிக்கெட்டை விட்டு, வருடக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். 2017-ல் அணி லண்டனின் புகழ்பெற்ற வெம்ப்ளி மைதானத்தில் இறுதி ஆட்டத்தில் ஜெயித்து மேல் பிரிவுக்குப் போனபோதும் பெரும்பாலானோர் போகவில்லை. தன் அணி வெம்ப்ளியில் ஆடுவதைப் பார்க்காமல் இருப்பது ஒரு ரசிகருக்கு என்ன பாடு! 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் கிளப்பின் நிர்வாகத்தை ஓய்ஸ்டன் கையிலிருந்து எடுத்தது. அடுத்த மாதம் 9-ம் தேதி சவுத்எண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 15,000-க்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள்.

சட்டமும் இப்போது மெல்ல அசைந்திருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டன் கால்பந்து ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. மேல் ஐந்து பிரிவுக் கிளப்புகளைக் கண்காணிக்கத் தனியாக ஓர் ஒழுங்காற்று அமைப்பு. உரிமையாளர் தகுதியானவர்தானா என்று அது சோதிக்கும். அதன் ஒப்புதல் இல்லாமல் கிளப் தன் சொந்த மைதானத்தை விற்க முடியாது. இந்தக் கடைசி விதி 1990-களின் தொடக்கத்திலேயே இருந்திருந்தால், நான் சொல்லப்போகும் கதை நடந்தே இருக்காது.

2 புள்ளிகள்

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன். இன்று பிரீமியர் லீக்கில் ஆடும் அணி, ஐரோப்பியப் போட்டி வரைக்கும் போன அணி. 1990-களின் நடுவில் அது அழிவின் விளிம்பில் இருந்தது. 1902 முதல் ஆடிவந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தை, பில் ஆர்ச்சர் தலைமையிலான நிர்வாகம் கடைகள் கட்டுவதற்காக விற்றுவிட்டது. புது மைதானம் எங்கே என்று கேட்டால் பதிலில்லை. கிளப் கலைக்கப்பட்டால் பங்குதாரர்கள் லாபம் எடுக்கக் கூடாது என்ற பழைய விதியைச் சத்தமில்லாமல் நீக்கியிருந்ததையும் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள்.

1996 ஏப்ரல் 27, யார்க் சிட்டிக்கு எதிரான ஆட்டம். கோல்ட்ஸ்டோனில் அதுவே கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்ற நிலை. 16-வது நிமிடத்தில் கூட்டம் இறங்கியது. இரு பக்கக் கோல் கம்பங்களும் முறிந்தன. ஆட்டம் கைவிடப்பட்டுப் பின்னொரு நாள் காலை 11 மணிக்கு மறுபடி நடந்தது. புள்ளிக் குறைப்பு விதிக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்டது. மைதானத்தில் இன்னும் ஒரே ஒரு வருடம் வாடகைக்கு இருக்க வழி கிடைத்தது.

ஆனால் உரிமையாளர் மாறவில்லை. அதே 1996 அக்டோபரில் லிங்கன் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்கள் மறுபடி இறங்கினார்கள். தொங்கிய கத்தி விழுந்தது. டிசம்பரில் 2 புள்ளிகள் குறைக்கப்பட்டன. நான்காம் பிரிவின் அடிமட்டத்தில், மற்ற அணிகளுக்குப் பல புள்ளிகள் பின்னால் கிடந்த அணிக்கு. அந்தப் பிரிவிலிருந்தும் இறங்கினால் லீக்குக்கே வெளியே. சொந்த மைதானமும் போய், லீக்கும் போனால் கிளப் பிழைக்காது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டு பக்க வேதனையும் ரசிகர்களுக்கு. இறங்கியவர்கள் சிலர், புள்ளி போனது எல்லோருக்கும். இறங்காமல் இருந்திருந்தால் நாட்டில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. 1997 பிப்ரவரி 8 அன்று நாட்டின் பல மூலைகளிலிருந்து, வெளிநாடுகளிலிருந்தும்கூட, வெவ்வேறு கிளப் ரசிகர்கள் தத்தம் ஜெர்சியோடு கோல்ட்ஸ்டோனுக்கு வந்து பிரைட்டனுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஹார்ட்ல்பூலை அன்று பிரைட்டன் 5-0 என்று வென்றது. புதிய பயிற்சியாளர் ஸ்டீவ் கிரிட் கீழே அணி மெல்ல மெல்ல எழுந்தது. ஏப்ரல் 26, கோல்ட்ஸ்டோனின் கடைசி ஆட்டம், டான்காஸ்டருக்கு எதிராக 1-0. ரசிகர்கள் புல்லையும் இருக்கைகளையும் நினைவாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

மே 3. கடைசி நாள். எதிரணி ஹியர்ஃபர்ட் யுனைடெட், அவர்கள் மைதானத்தில். இரண்டு அணிக்கும் 46 புள்ளிகள். இருவரில் ஒருவர் லீக்கை விட்டுப் போக வேண்டும். புள்ளி சமமானால் அப்போதைய விதிப்படி அதிகக் கோல் அடித்த அணி மேலே. அந்தக் கணக்கில் பிரைட்டன் முன்னால். எனவே சமன் செய்தால் போதும். 21-வது நிமிடத்தில் பிரைட்டன் வீரர் கெரி மேயோ தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். இரண்டாம் பாதியில் மாற்று வீரராக வந்த ராபி ரெய்னெல்ட் 63-வது நிமிடத்தில் சமன் செய்தார். 1-1. பிரைட்டன் 47, ஹியர்ஃபர்ட் 47. அடித்த கோல்கள் பிரைட்டனுக்கு 53, ஹியர்ஃபர்டுக்கு 50.

இப்போது அந்த 2 புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்போம். கடைசி நாள் தொடங்கும்போது பிரைட்டனுக்கு 48, ஹியர்ஃபர்டுக்கு 46. தோற்றிருந்தால் ஹியர்ஃபர்ட் 49-க்குப் போய் பிரைட்டன் வெளியேறியிருக்கும். சமன் செய்தால் தப்பும். அதாவது தண்டனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரே விஷயம்தான்: தோற்காமல் இருப்பது. பல மாதம் தூக்கத்தைக் கெடுத்த அந்த 2 புள்ளிகள் கடைசிக் கணக்கில் எதையும் மாற்றவில்லை.

பிரைட்டன் அடுத்த இரண்டு வருடம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஜில்லிங்கமில் வாடகைக்கு ஆடியது. பிறகு பிரைட்டனிலேயே ஓட்டப் பந்தய மைதானம் ஒன்றில் பன்னிரண்டு வருடம். 2011-ல்தான் சொந்த மைதானம். 2017-ல் பிரீமியர் லீக். ஹியர்ஃபர்ட் 25 வருடம் ஆடிய லீக்கை விட்டு அன்று வெளியேறியது. 2006-ல் திரும்பி வந்து, மறுபடி இறங்கி, கடனில் மூழ்கி, 2014 டிசம்பரில் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. அந்த ஊர் ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்த டிசம்பரில் குறைத்தது 2 புள்ளிகளாக இல்லாமல், வழக்கமாக விதிக்கப்படும் 3 புள்ளிகளாக இருந்திருந்தால்? ரெய்னெல்டின் அதே கோல், அதே 1-1. பட்டியலில் பிரைட்டன் 46, ஹியர்ஃபர்ட் 47.